ரோடு டாக்ஸ் கட்டியாச்சு, ரோடு எங்கே?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்தவற்றை நீக்கி, வாசிக்க வசதியாகத் தொகுத்திருக்கிறோம்.)

மார்த்தாண்டத்துல இருந்து ஒரு தம்பி வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். "அண்ணே, புது ஸ்கூட்டருக்கு ஒன்பதாயிரம் ரூவா ரோடு டாக்ஸ் கட்டினேன். எங்க தெருவுல குழி அப்படியே கிடக்கு. ரோடுக்குன்னு வாங்கின பணத்தை வச்சு ரோடு போடலன்னா கேஸ் போடலாமா?"

நாகர்கோவில் பக்கம் டீக்கடையில நின்னா இந்தக் கேள்வி தினமும் காதுல விழும். ஆனா இதுக்குள்ள ஒரு பழைய சட்டச் சண்டையே இருக்கு. நாம கட்டுறது வரியா, இல்ல ரோட்டைப் பயன்படுத்துறதுக்கான கட்டணமா? பேர்ல என்ன இருக்குன்னு தோணலாம். அந்தப் பேரை வச்சுத்தான் நீங்க எந்த இடத்துல நின்னு, என்ன கேக்க முடியும்னு முடிவாகுது. அதனால இன்னைக்கு இதை மெதுவா பிரிச்சுப் பார்ப்போம்.

பில்லுல ரெண்டு வரி இருக்கு

ஷோரூம்ல 'ஆன்-ரோடு விலை'ன்னு ஒரு மொத்தத் தொகை சொல்வாங்க. அதுக்குள்ள ஆர்டிஓ பேர்ல போற பணம் முக்கியமா ரெண்டு வகை. ஒண்ணு, பதிவுக் கட்டணம். இது மத்திய அரசோட மோட்டார் வாகன விதிகள் 1989-ல வர்றது. புது பைக்குக்கு 300 ரூபாய், சொந்த உபயோக காருக்கு 600 ரூபாய். இன்னொண்ணு, ஆயுட்கால வரி. இதை நாம 'லைஃப் டாக்ஸ்', 'ரோடு டாக்ஸ்'னு சொல்றோம். இது தமிழ்நாடு மோட்டார் வாகன வரிச் சட்டம் 1974-ல வர்றது.

2023 நவம்பர்ல தமிழ்நாடு இந்த வரியை உயர்த்திச்சு. ஒரு லட்சம் வரை விலையுள்ள பைக்குக்கு 10 சதவீதம், அதுக்கு மேல 12 சதவீதம். காருக்கு, 5 லட்சம் வரை 12, 5-ல இருந்து 10 லட்சம் வரை 13, 10-ல இருந்து 20 லட்சம் வரை 18, அதுக்கும் மேல 20 சதவீதம்.

இப்போ கணக்குப் போடுங்க. 90,000 ரூபாய் ஸ்கூட்டருக்கு வரி 9,000, பதிவுக் கட்டணம் 300. எட்டு லட்சம் ரூபாய் காருக்கு வரி 1,04,000, பதிவுக் கட்டணம் 600. ரெண்டையும் சேர்த்து 'ரிஜிஸ்ட்ரேஷன் சார்ஜ்'னு ஒரே மூச்சுல சொல்லிடுறோம். சட்டத்தோட கண்ணுல இது ரெண்டும் வேற வேற சாதி.

மடம் போட்ட வழக்கு

வரிக்கும் கட்டணத்துக்கும் என்ன வித்தியாசம்? இதைத் தெளிவா சொன்ன தீர்ப்பு நம்ம பழைய மதராஸ் மாகாணத்துல இருந்துதான் போச்சு. வழக்குக்கும் வண்டிக்கும் சம்பந்தமே கிடையாது.

உடுப்பி அப்போ மதராஸ் மாகாணத்துல இருந்துச்சு. 1951-ல வந்த இந்து அறநிலையச் சட்டம், கோயில்களும் மடங்களும் தங்களோட வருமானத்துல 5 சதவீதம் வரைக்கும் அரசுக்குக் கட்டணும்னு சொல்லிச்சு. அரசு மேற்பார்வை பார்க்குது, அதுக்கான பணம்னு பேரு. உடுப்பி ஷிரூர் மடம் எதிர்த்தது. 1954-ல உச்ச நீதிமன்றம் சொன்ன விளக்கத்தோட சாரம் இதுதான். வரி என்பது பொதுச் செலவுக்காக அரசு கட்டாயமா வாங்குறது. கட்டினவருக்கு இன்ன பலன் கிடைக்கும்னு அதுல வாக்குறுதி எதுவும் இல்ல. கட்டணம் என்பது ஒரு குறிப்பிட்ட சேவைக்கு வாங்குறது. வாங்குற பணத்துக்கும் சேவையோட செலவுக்கும் தொடர்பு இருக்கணும். அந்த 5 சதவீதம் அரசோட பொதுக் கஜானாவுக்குப் போகுது, செலவோட தொடர்பு இல்ல, அதனால அது வரிதான்னு முடிவு பண்ணி, அந்தப் பிரிவு செல்லாதுன்னு சொல்லிட்டாங்க.

பின்னாடி வந்த தீர்ப்புகள் கொஞ்சம் தளர்த்தின. கட்டணமும் சேவையும் பைசா சுத்தமா ஒத்துப்போகணும்னு இல்ல, ஒரு பொதுவான தொடர்பு இருந்தாப் போதும்னு ஆச்சு. ஆனா அடிப்படை அப்படியே இருக்கு.

இந்த அளவுகோலை நம்ம பில்லுல வச்சுப் பாருங்க. 300 ரூபாய் பதிவுக் கட்டணம் ஒரு சேவைக்கானது. வண்டிக்கு நம்பர் கொடுக்க, ஆர்சி போட, பதிவேட்டுல ஏத்த. அதுல ரோடே கிடையாது. 9,000 ரூபாய் லைஃப் டாக்ஸ், பேருக்கேத்த மாதிரி வரி. மாநிலத்தோட பொது நிதியில போய்ச் சேருது. அதுல இருந்து ஆசிரியர் சம்பளமும் போகும், ஆஸ்பத்திரி மருந்தும் போகும், ரோடும் போகும்.

இன்னொரு விஷயம் கவனிச்சீங்களா? கட்டணம்கிற பேர்லயே சில சமயம் வேற வேலை நடக்கும். 15 வருஷம் ஆன காருக்குப் பதிவைப் புதுப்பிக்க 2022 ஏப்ரல்ல இருந்து 5,000 ரூபாய், பைக்குக்கு 1,000 ரூபாய். அதே பதிவேடு, அதே ஆபீஸ். 600 ரூபாய்க்கு நடந்த வேலைக்கு ஏன் 5,000? பழைய வண்டியை வச்சிருக்காதே, ஸ்கிராப்புக்குக் கொடுன்னு தள்ளுறதுக்குத்தான்.

சுங்கத்துக்குப் பதிலா வந்த வரி

அப்போ 'ரோடு டாக்ஸ்'னு ஏன் பேரு வந்துச்சு? சட்டத்துல அந்தப் பேரு இல்ல. அங்க இருக்கிறது 'மோட்டார் வாகன வரி'. ஆனா மக்கள் வாயில அந்தப் பேரு வந்ததுக்கு நியாயம் இருக்கு. 1931-ல மதராஸ் மாகாணம் மோட்டார் வாகன வரிச் சட்டம் கொண்டு வந்துச்சு. அதுவரைக்கும் உள்ளாட்சிகள் ஆங்காங்கே மோட்டார் வண்டிகளுக்கு சுங்கம் வாங்கினாங்க. அதை எல்லாம் எடுத்துட்டு மாகாணம் முழுக்க ஒரே வரி. வருமானத்தை இழந்த உள்ளாட்சிகளுக்கு அதுல இருந்து ஈட்டுத்தொகை. அதாவது பிறக்கும்போது இந்த வரி, ரோட்டுச் சுங்கத்தோட வாரிசாத்தான் பிறந்துச்சு. அப்போ நம்ம குமரி மாவட்டம் அந்த மாகாணத்துல இல்ல, திருவிதாங்கூர்ல இருந்துச்சு. 1956 நவம்பர் 1-க்கு அப்புறம்தான் தமிழ்நாட்டுச் சட்டங்கள் நமக்கு வருது.

பிரிட்டன்லயும் இதே கதைதான். 1920-ல வண்டி வரியை எடுத்து 'ரோடு ஃபண்ட்'னு தனி நிதி வச்சாங்க. 1920-கள்ல நிதியமைச்சரா இருந்த சர்ச்சில் அந்தப் பணத்துல கை வச்சார். வண்டி வச்சிருக்கிறவங்க வரி கட்டுறதால ரோடு அவங்களுக்குச் சொந்தம் ஆயிடாதுங்கிறது அவரோட வாதம். 1937-ல வரிக்கும் ரோட்டுக்கும் இருந்த நேரடித் தொடர்பையே வெட்டிட்டாங்க. இன்னைக்கும் அங்க ஜனங்க 'ரோடு டாக்ஸ்'னுதான் சொல்றாங்க. பேரு மட்டும் தங்கிப் போச்சு.

நீதிமன்றம் மாத்தி மாத்திச் சொன்னது

நம்ம நாட்டுல இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றம் வரைக்கும் பல தடவை போச்சு. மூணு மட்டும் சொல்றேன்.

முதல் தடவை, 1962. வழக்குக்குக் காரணமான தகராறு ஆரம்பிச்சப்போ அஜ்மீர் ராஜஸ்தானோட சேராத தனி மாநிலம். அங்க இருந்து கிளம்புற பஸ், வழியில ராஜஸ்தான் எல்லைக்குள்ள கொஞ்ச தூரம் போயாகணும். ராஜஸ்தான் வரி கேட்டுச்சு. 'நாடு முழுக்க வணிகம் சுதந்திரமா நடக்கணும்னு அரசியலமைப்பு 301-ல இருக்கே, இது தடை ஆகாதா?'ன்னு பஸ் முதலாளிகள் கேட்டாங்க. நீதிமன்றப் பெரும்பான்மை சொன்னது: ரோட்டைப் போட்டுக் கொடுத்து, அதுக்கு ஈடா வாங்குற வரி வணிகத்துக்குத் தடை ஆகாது, உதவிதான். இதை 'ஈடுகட்டும் வரி'ன்னு சொன்னாங்க. வரியும் இல்லாம, கட்டணமும் இல்லாம நடுவுல ஒரு புது வகை.

ரெண்டாவது, 2016 நவம்பர் 11. ஜிண்டால் ஸ்டெயின்லெஸ் வழக்கு, ஒன்பது நீதிபதிகள். அது மாநிலத்துக்குள்ள வர்ற சரக்குக்கான நுழைவு வரி பத்தினது. அதுல ஏழு பேர் பெரும்பான்மையா, 'ஈடுகட்டும் வரி'ங்கிற அந்தக் கோட்பாட்டுக்கே சட்ட அடிப்படை இல்லன்னு தள்ளிட்டாங்க. வரின்னா வரிதான். பாரபட்சம் இல்லாம போட்டா, மாநிலம் அதுக்கு ஈடா என்ன கொடுத்துச்சுன்னு காட்ட வேண்டியதில்ல.

மூணாவது, 2025 ஆகஸ்ட். விசாகப்பட்டினம் உருக்காலை வளாகத்துக்குள்ள மட்டும் ஓடுற சரக்கு வண்டிகள். மதில் சுவர், கேட், காவல் எல்லாம் உண்டு. வெளி ரோட்டுக்கு வர்றதே இல்ல. இதுக்கு வரி உண்டான்னு கேள்வி. ஆந்திரச் சட்டத்துல 'பொது இடத்தில் பயன்படுத்தப்படும்' வண்டின்னு இருக்கு. அதனால வரி இல்லன்னு உச்ச நீதிமன்றம் சொல்லிச்சு. சொல்லும்போது, மோட்டார் வாகன வரி ஈடுகட்டும் தன்மை உள்ளது, பொது ரோட்டைப் பயன்படுத்துறவர் கட்டணும்கிறதுதான் அதோட நியாயம்னும் சொல்லிச்சு.

அட, ஒன்பது பேர் தள்ளினதை ரெண்டு பேர் திரும்பக் கொண்டு வந்துட்டாங்களான்னு தோணும். நான் இதை இப்படிப் புரிஞ்சுக்கறேன். ஒரு வீட்டுக்கு முன்வாசலும் பின்வாசலும் இருக்கிற மாதிரி. யார் வரி கட்டணும்கிறது முன்வாசல். அங்க ரோடு கண்டிப்பா உண்டு. அரசியலமைப்புல மாநிலங்களுக்குக் கொடுத்த அதிகாரமே 'ரோட்டில் ஓடத் தகுந்த' வண்டிகள் மேல வரி போடத்தான். ரோட்டுக்கே வராத வண்டி உருக்காலை வழக்குல தப்பிச்சது அந்த வாசல்ல. வாங்கின பணம் எங்க போகணும்கிறது பின்வாசல். அங்க ரோட்டுக்குன்னு எந்த ஒதுக்கீடும் இல்ல. ரோட்டைக் காட்டி வாங்குறாங்க. ரோட்டுக்கே செலவழிக்கணும்னு கட்டாயம் இல்ல.

இதுதான் தம்பிக்கு என் பதில். 'நான் லைஃப் டாக்ஸ் கட்டினேன், அதனால ரோடு கொடு'ன்னு ஒரு வழக்கு நிக்காது. ரோட்டைப் பராமரிக்கிறது உள்ளாட்சியோட கடமை, குழியில விழுந்து ஒருத்தருக்கு அடிபட்டா அது அலட்சியம் அப்படிங்கிற வழியில போகலாம். அது வரி கட்டாத ஆளுக்கும் உள்ள உரிமை. நடந்து போற பாட்டிக்கும் அந்த உரிமை உங்க அளவுக்கே உண்டு. எனக்கு இது நல்லதாவே படுது.

களியக்காவிளையில நின்னு பாருங்க

இது பயன்பாட்டுக் கட்டணம் இல்லங்கிறதுக்குச் சாட்சி வேணும்னா, காலையில களியக்காவிளையில நின்னு பாருங்க. டிஎன் 74, டிஎன் 75 வண்டிகள் திருவனந்தபுரம் பக்கம் போகுது. கேஎல் வண்டிகள் இந்தப் பக்கம் வருது. டெக்னோபார்க்ல வேலை, வீடு மார்த்தாண்டத்துலன்னு இருக்கிறவங்க எத்தனையோ பேரு. அவங்க வண்டி தேயுறது பாதிக்கு மேல கேரள ரோட்டுல. வரி மொத்தமும் தமிழ்நாட்டுக்கு. யாரும் கேக்க முடியாது. ஏன்னா வரி, வண்டி எங்க 'வைக்கப்பட்டிருக்கு'ங்கிறதைப் பார்க்குது, எங்க ஓடுதுங்கிறதைப் பார்க்கல.

அதே ஆள் கழக்கூட்டத்துல வீடு எடுத்து, வண்டியையும் அங்கேயே வச்சுக்கிட்டா கதை மாறும். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 47 படி, 12 மாசத்துக்கு மேல இன்னொரு மாநிலத்துல வண்டியை வச்சிருந்தா அங்க மறுபதிவு பண்ணணும். இங்க இருந்து தடையில்லாச் சான்று, அங்க புதுசா வரி, இங்க கட்டின லைஃப் டாக்ஸ்ல மீதிக் காலத்துக்கு ஒரு பகுதியைத் திரும்பக் கேட்டு மனு. இந்த அலைச்சலைக் குறைக்கத்தான் 2021 செப்டம்பர்ல பிஎச் சீரிஸ் வந்துச்சு. அதுல ரெண்டு ரெண்டு வருஷமா வரி கட்டினாப் போதும். ஆனா அரசு ஊழியர்கள், நாலு மாநிலத்துலயோ அதுக்கு மேலயோ ஆபீஸ் உள்ள கம்பெனி ஊழியர்கள் மாதிரி சிலருக்குத்தான் அது.

இன்னும் ரெண்டு சாட்சி. பேட்டரி வண்டிக்குத் தமிழ்நாடு 2023-ல இருந்து 2025 முடியுற வரைக்கும் வரியில முழு விலக்கு கொடுத்துச்சு. பேட்டரி வண்டியும் அதே ரோட்டுலதான் ஓடுது. ரோட்டுக் கட்டணமா இருந்தா விலக்குக்கு இடமே இல்ல. அடுத்தது விலை. 25 லட்சம் ரூபாய் கார், 5 லட்சம் ரூபாய் காரை விட எட்டு மடங்குக்கும் மேல வரி கட்டுது. ரோட்டை எட்டு மடங்கு தேய்க்குதா? இல்ல. உடையவரோட வசதியைப் பார்த்துப் போட்ட வரி அது.

ரோட்டை உண்மையிலேயே தேய்க்கிறது யாரு?

1958-ல இருந்து 1960 வரை அமெரிக்காவுல இல்லினாய்ல ஒரு பெரிய சோதனை நடந்துச்சு. தனியா ரோடு போட்டு, லாரிகளை ஓட்டி, எப்போ உடையுதுன்னு பார்த்தாங்க. கிடைச்ச விதி: ரோட்டுக்கு வர்ற சேதம், அச்சுல இறங்குற எடையோட நாலாம் அடுக்கு அளவுக்கு ஏறும். ஒரு சின்ன காரோட அச்சுல அரை டன்னு வைங்க, லோடு லாரி அச்சுல பத்து டன்னு வைங்க. எடை 20 மடங்கு. சேதம் 20-ஐ நாலு தடவை பெருக்கணும், 1,60,000 மடங்கு.

நம்ம மாவட்டத்துல இதுக்கு விளக்கம் தேவையே இல்ல. கல்லும் எம்-சாண்டும் ஏத்திக்கிட்டு கேரளா பக்கம் போற டாரஸ் லாரிகளை எல்லாரும் பார்த்திருக்கோம். சரக்கு வண்டிக்கு மூணு மாசத்துக்கு ஒரு தடவை, எடையை வச்சு வரி உண்டு. அந்த அளவுல அது பயன்பாட்டுக் கட்டணத்துக்குக் கொஞ்சம் பக்கத்துல வருது. ஆனா 1,60,000 மடங்குங்கிற கணக்குக்கு எந்த வரியும் கிட்ட வராது. அப்படிப் போட்டா அரிசி விலையிலயும் சிமெண்ட் விலையிலயும் நாமதான் கட்டணும், அதையும் சொல்லிடறேன்.

முழுசா பயன்பாட்டுக் கட்டணம் வச்சிருக்கிற நாடு நியூசிலாந்து. அங்க டீசல் வண்டிக்காரங்க கிலோமீட்டர் கணக்குல முன்கூட்டியே பணம் கட்டி ஓட்டுறாங்க. 2024 ஏப்ரல்ல இருந்து பேட்டரி கார்களுக்கும் அது வந்துடுச்சு, 1,000 கிலோமீட்டருக்கு 76 நியூசிலாந்து டாலர். நம்ம ஊர்ல இதுக்குப் பக்கத்துல வர்றது பெட்ரோல் மேல போடுற செஸ். ஓடுற அளவுக்குப் போடுற பெட்ரோல், போடுற அளவுக்கு செஸ். ஆனா அதுலயும் பின்வாசல் வேற வேற பக்கம் திறக்கும். கேரளா 2023 ஏப்ரல்ல பெட்ரோலுக்கு லிட்டருக்கு 2 ரூபாய் செஸ் போட்டுச்சு. அது ரோட்டுக்கு இல்ல, சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியத்துக்கு.

சுங்கச்சாவடியில கேள்வி கேக்கலாம்

சரி, அப்போ எங்கதான் ரோட்டைக் கேக்க முடியும்? திருப்பதிசாரம் சுங்கச்சாவடியில கேக்கலாம். நாங்குநேரியில கேக்கலாம். தேசிய நெடுஞ்சாலைச் சட்டம் அந்தப் பணத்தைக் கட்டணம்னுதான் சொல்லுது. இந்த ரோட்டுக்கு, இந்தச் சேவைக்கு. பைக்குக்கு அது கிடையாது. 20 கிலோமீட்டருக்குள்ள குடியிருக்கிறவங்களோட சொந்த காருக்கு மாதப் பாஸ் உண்டு.

கட்டணம்னு ஆனதால என்ன கிடைக்குதுன்னு 2025-ல பக்கத்து மாநிலத்துல பார்த்தோம். திருச்சூர் பாலியேக்கரை சுங்கச்சாவடி. ரோடு பழுது, மணிக்கணக்கா நெரிசல். ஆகஸ்ட் 6-ல கேரள உயர் நீதிமன்றம் நாலு வாரத்துக்கு வசூலை நிறுத்திச்சு. நெடுஞ்சாலை ஆணையம் மேல போச்சு. உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்துச்சு. மக்கள் ஏற்கெனவே வரி கட்டின ரோட்டுல, குழியைத் தாண்டிப் போக இன்னும் பணம் கொடுக்கணுமாங்கிற தொனியில கேட்டுச்சு. அக்டோபர்லதான் மறுபடி வசூல் ஆரம்பிச்சது.

எப்பவும் இப்படி ஜெயிக்கும்னு நினைக்க வேண்டாம். அதே வருஷம் ஜூன்ல மதுரை-தூத்துக்குடி ரோட்டுக்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இதே மாதிரி வசூலுக்குத் தடை போட்டுச்சு. சில நாள்லயே உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்தி வச்சது. ஆனா கேள்வியை எழுப்புற இடம் இருக்கு பாருங்க, அதுதான் முக்கியம். லைஃப் டாக்ஸ்ல அந்த இடமே கிடையாது.

அப்போ எதை ஆதரிக்கலாம்?

'எல்லாத்தையும் பயன்பாட்டுக் கட்டணமா மாத்திடுங்க, அப்போ கணக்குக் கேக்கலாம்'னு சிலர் சொல்வாங்க. நான் தயங்குறேன். கட்டணம் வர்ற ரோடுதான் போடப்படும்னு ஆனா, வண்டி அதிகம் ஓடுற நாலுவழிச் சாலை மின்னும். பேச்சிப்பாறைக்கு மேல இருக்கிற மலைக் குடியிருப்புக்கு ரோடு யாரு போடுவா? அங்க ஒரு நாளைக்குப் போற வண்டியை விரல் விட்டு எண்ணலாம். அந்த ரோடு வரிப் பணத்துலதான் வரும். வரின்னா அதுதானே, எனக்கு வராத பலனுக்கும் நான் கொடுக்கிறது.

ஆனா வரியை வரின்னு சொல்லணும். ரோட்டு பேரைச் சொல்லி வாங்கிட்டு, கேட்டா பொது நிதின்னு கையை விரிக்கிறதுதான் ஜனங்களுக்கு எரிச்சல். மாவட்ட அளவுல வண்டி வரி எவ்வளவு வந்துச்சு, ரோட்டுக்கு எவ்வளவு போச்சுன்னு ரெண்டு எண்ணைப் பக்கத்துல பக்கத்துல வருஷாவருஷம் வெளியிட்டா இந்த டீக்கடைச் சண்டையில பாதி குறையும். சட்டம் மாத்த வேண்டிய அவசியம்கூட இல்ல.

அதுவரைக்கும் நாம செய்யக்கூடியது, சரியான கதவைத் தட்டுறது. சுங்கச்சாவடி ரோடு மோசம்னா 1033-க்குக் கூப்பிடுங்க, ரசீதை எடுத்து வையுங்க, அங்க நீங்க காசு கொடுத்த வாடிக்கையாளர். தெருவுல குழின்னா மாநகராட்சி, நகராட்சி, பஞ்சாயத்து. அங்க நீங்க வார்டுக்காரர், ஓட்டுப் போட்டவர். லைஃப் டாக்ஸ் எங்க போச்சுன்னு கேக்கணும்னா பட்ஜெட் நேரத்துல உங்க எம்எல்ஏ கிட்ட, இல்லன்னா தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல ஒரு மனு. உங்கள்ல யாராவது நம்ம மாவட்டத்துக்கு அந்த மனுவைப் போட்டா, வர்ற பதிலை எங்களுக்கும் அனுப்புங்க. அதை வச்சே ஒரு எபிசோட் பேசலாம். பார்த்து ஓட்டுங்க மக்களே.